காகிதத்தை எப்போது காட்டுவது?

குறுக்கு விசாரணை என்றதும் பலருக்கும் திரைப்படக் காட்சிதான் நினைவுக்கு வரும்: வழக்கறிஞரின் குரல் உயர்கிறது, மேசை அதிர்கிறது, கூண்டில் நிற்பவர் வியர்த்து விறுவிறுத்து உண்மையைக் கொட்டிவிடுகிறார். ஆனால் பொய் சொல்லத் துணிந்து கூண்டேறியவரை அதட்டல் அசைக்காது. "நீங்கள் சொல்வது பொய்தானே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில் அவரிடம் தயாராக இருக்கும். நம் விசாரணை நீதிமன்றச் சாட்சியப் பதிவுகளில் "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். எதிர்த்தரப்பு தன் நிலைப்பாட்டைச் சாட்சியிடம் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும் என்பதால் கேட்கப்படும் கேள்வி அது. அவசியமானதுதான், ஆனாலும் அதனால் ஒரு பொய்கூட வெளிப்படுவதில்லை. பொய்யை வெளிக்கொண்டுவருவது கேள்விகளின் வரிசை. எதை முதலில் கேட்பது, எதைக் கையில் வைத்துக்கொண்டே காட்டாமல் இருப்பது என்பதில்தான் இந்தக் கலை அடங்கியிருக்கிறது.

1887 ஏப்ரல் 18 அன்று லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ், அயர்லாந்துத் தலைவர் பார்னெல் எழுதியது என்று ஒரு கடிதத்தின் நகலை அச்சிட்டது. 1882 மே மாதம் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் கேவண்டிஷ், பர்க் என்னும் இரு உயர் பதவியாளர்கள் குத்திக் கொல்லப்பட்டிருந்தனர். அந்தக் கொலையை உள்ளூர நியாயப்படுத்துவது போல் இருந்தது கடிதம். மூன்று நீதிபதிகள் கொண்ட தனி ஆணையம் விசாரித்தது. அதையும் அது போன்ற வேறு கடிதங்களையும் தேடித் தந்தவர் ரிச்சர்ட் பிகாட் என்ற ஐரிஷ் பத்திரிகையாளர். 1889 பிப்ரவரியில் அவர் கூண்டேற, பார்னெல் தரப்பில் எழுந்தவர் சர் சார்ல்ஸ் ரஸ்ஸல். முதல் வேலையாக ஒரு தாளைக் கொடுத்துச் சில சொற்களை எழுதச் சொன்னார். அவற்றில் ஒன்று 'ஹெசிட்டன்சி'. பிகாட் அதில் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'ஈ' எழுதினார்; போலிக் கடிதம் ஒன்றிலும் அதே பிழை இருந்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். ஆனால் எழுத்துப்பிழை யாருக்கும் வரும் என்று சொல்லித் தப்பிக்க இடமுண்டு. ரஸ்ஸலும் தாளை வாங்கிக்கொண்டு அந்தப் பிழையைப் பற்றி உடனே வாய் திறக்கவில்லை. பிகாட்டை உண்மையில் சாய்த்தது அடுத்து வந்த கேள்விகள். பார்னெலைச் சாடிய 'டைம்ஸ்' கட்டுரைத் தொடர் 1887 மார்ச் 7 அன்று தொடங்கியது; அதில் வரவிருந்த குற்றச்சாட்டுகள் முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் பிகாட். அந்தப் பதில் உறுதியாகப் பதிவான பிறகே ரஸ்ஸல் ஒரு கடிதத்தை எடுத்தார். டப்ளின் பேராயர் வால்ஷுக்கு மார்ச் 4 அன்று பிகாட்டே எழுதியது அது. பார்னெல் கட்சியை அழிக்க ஒரு முயற்சி நடக்கப்போகிறது, அதை முறியடிக்கும் வழி தனக்குத் தெரியும் என்று அதில் எழுதியிருந்தார். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் புலியைத் துரத்துவதில்லை. அது தாவக்கூடிய கட்டங்களை ஒவ்வொன்றாக அடைக்கின்றன. பிகாட்டுக்கு நேர்ந்ததும் அதுவே. வெள்ளிக்கிழமை கலைந்த ஆணையம் செவ்வாய்க்கிழமை கூடியபோது கூண்டு காலியாக இருந்தது. இடையில் போலி தன் வேலைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு ஓடிப்போன அவர், மார்ச் 1 அன்று மாட்ரிட்டில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதத்தை முதலிலேயே நீட்டியிருந்தால்? படித்துப் பார்த்துவிட்டு, "ஆம், ஏதோ காதில் விழுந்தது" என்று பிகாட் ஒரு கதை புனைந்திருப்பார். ஒரு காலத்தில் இங்கிலாந்துச் சட்டம் அப்படித்தான் நீட்டச் சொன்னது. 1820-இல் கரோலின் ராணி மீதான விசாரணையில், ஒரு கடிதத்தின் உள்ளடக்கம் பற்றிச் சாட்சியைக் கேட்பதற்கு முன் கடிதத்தை அவரிடம் காட்டியாக வேண்டும் என்று நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். நேர்மையாகத் தோன்றும் விதி. நடைமுறையிலோ பொய்யருக்குக் கேடயம். முதலில் 1854-ஆம் ஆண்டுச் சட்டமும் பிறகு 1865-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை மாற்றின. நமக்கு ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் வரைந்து தந்த 1872 சாட்சியச் சட்டத்தின் 145-ஆம் பிரிவில் (2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தில் 148) இரண்டு நியாயங்களும் சேர்ந்தே நிற்கின்றன: எழுத்தைக் காட்டாமலே கேட்கலாம், ஆனால் அதைக் கொண்டு சாட்சியை முரண்படுத்துவதானால், குறிப்பிட்ட பகுதியை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகே அதை நிரூபிக்க முடியும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பு உண்டு, முன்கூட்டித் தப்பிக்க மட்டும் வழியில்லை. எனக்குத் தெரிந்தவரை சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நுட்பமாக மனித மனத்தைப் புரிந்துகொண்ட பிரிவுகள் குறைவு.

இதே கருவி உண்மை பேசுபவரையும் வீழ்த்தாதா என்ற கேள்வி வலுவானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. 1911 மார்ச்சில் நியூயார்க் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தனர். உரிமையாளர்கள் மீதான வழக்கில், தப்பிப் பிழைத்த ஓர் இளம் தொழிலாளியை உரிமையாளர்களின் வழக்கறிஞர் மேக்ஸ் ஸ்டூயர் மீண்டும் மீண்டும் கதையைச் சொல்லச் சொன்னார். ஏறக்குறைய அதே சொற்கள் திரும்ப வந்தன; விட்டுப்போன சொல்லைச் சுட்டினால் அதையும் சேர்த்துக்கொண்டார். மனப்பாடம் என்ற எண்ணம் விதைக்கப்பட்டது. உரிமையாளர்கள் விடுதலையானார்கள். ஒப்பித்தது நிரூபணமாகியிருக்கலாம், நெருப்பு பொய்யென்று நிரூபணமாகவில்லை. அதாவது, சாட்சியின் பேச்சு முறையைத் தாக்கும் விசாரணை ஆபத்தானது; சாட்சியின் சொல்லை வெளியே இருக்கும் ஆதாரத்தோடு மோதவிடும் விசாரணை நம்பகமானது. இந்த வேறுபாட்டை நம் உச்ச நீதிமன்றம் உணர்ந்தே இருக்கிறது. 1983-இல் பார்வாடா போகின்பாய் வழக்கில், நினைவு ஒளிப்பட நகல் அல்ல, நேரம், வரிசை போன்ற சிறு பிசகுகளுக்காக ஒரு சாட்சியத்தைத் தூக்கியெறியக் கூடாது என்றது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் நடத்தையைப் பற்றிக் கேள்வி கேட்பதைச் சட்டமே தடுத்திருக்கிறது. அவமானப்படுத்துவது குறுக்கு விசாரணை ஆகாது; அது தயாரிப்பில்லாதவர்களின் புகலிடம்.

ஆனால் இந்தக் கருவியை இங்கே அதிகம் கெடுப்பது முரட்டுக் கேள்விகள்கூட அல்ல, வாய்தா. முதல் விசாரணை ஒரு நாள், குறுக்கு விசாரணை இன்னொரு காலம் என்று பிரிந்துவிட்டால், சாட்சி சொன்னதைப் படித்துப் பார்க்கவும், விலை பேசப்படவும், மிரட்டப்படவும் அவகாசம் கிடைக்கிறது. 'டைம்ஸ்' வழக்கில் பொய்யரைக் காப்பாற்ற நான்கு நாள் போதவில்லை. பஞ்சாபில் ஒரு லஞ்ச வழக்கில், முதல் விசாரணையில் அரசுத் தரப்பை ஆதரித்த சாட்சி, 20 மாதம் கழித்து நடந்த குறுக்கு விசாரணையில் பிறழ்ந்தார். பொய்யை வெளிக்கொண்டுவர வேண்டிய கருவி அங்கே பொய்யை உருவாக்கும் கருவியாக மாறியது. சாட்சிகள் வந்துவிட்டால் நாள்தோறும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும் என்று குற்ற நடைமுறைச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. 2015-இல், வினோத் குமார் என்ற பெயரில் பதிவான அந்த வழக்கின் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் குறுக்கு விசாரணையைத் தள்ளிப்போடும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. தீர்ப்பின் நகலை எல்லா உயர் நீதிமன்றங்கள் வழியாகவும் விசாரணை நீதிபதிகளுக்கு அனுப்பச் சொன்னது. மூத்த வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்ற காரணத்துக்காகக் கூண்டில் நிற்கும் சாட்சியைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை, நீதிபதிகள் அந்த நகலை மேசையில் வைத்துக்கொண்டு மறுக்க வேண்டும். முந்தைய வாக்குமூலங்களை முழுதாகப் படிக்காமல் எழும் வழக்கறிஞரும் தன் கட்சிக்காரருக்குக் கடன்பட்டவரே.