பேசும்போது ரிசீவர் ஏன் செவிடாகிறது? துணைக்கோள் நிலையத்தில் ஃபில்டர் வைக்கும் இடம்

அமெச்சூர் ரேடியோ தேர்வுக்குப் படிப்பவர்களும் பள்ளியில் ரேடியோ மன்றம் நடத்துபவர்களும் கட்டாயம் சந்திக்கும் ஒரு சிக்கலை இம்முறை பார்ப்போம்.

துணைக்கோள் தலைக்கு மேல் வருகிறது. ரிசீவரில் குரல் தெளிவாகக் கேட்குது. நம் அழைப்புக்குறியைச் சொல்லப் பொத்தானை அமுக்குகிறோம். அந்த நொடியே குரல் காணாமல் போகுது. பொத்தானை விட்டால் திரும்ப வருது. "சக்தி போதலை போல" என்று நினைத்து 5 வாட்டை 25 வாட்டாக ஏற்றுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். குறை துணைக்கோளில் இல்லை. நம் டிரான்ஸ்மிட்டரே நம் ரிசீவரைச் செவிடாக்குது. இதற்கு 'டீசென்ஸ்' என்று பெயர்.

இது சின்ன விஷயம் இல்லை. எஃப்.எம். துணைக்கோளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நம் குரல் மேலே போய்த் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே பேசினால்தான் அடுத்தவர் பேச்சின் மேல் ஏறிப் பேச மாட்டோம். துணைக்கோள் ஒருமுறை கடந்து போக ஏறக்குறைய பத்து நிமிடம்தான். செவிடாகிப்போன ஒரு நிலையம் அந்தப் பத்து நிமிடத்தையும் எல்லாருக்கும் கெடுத்துவிடும்.

மூன்றால் பெருக்கிப் பாருங்க

துணைக்கோளுக்கு அனுப்பும் அதிர்வெண் பெரும்பாலும் 145.8 முதல் 146.0 மெகாஹெர்ட்ஸ் வரை. திரும்பி வருவது 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை. மலேசியா 2000-இல் ஏவிய தியுங்சாட்-1 துணைக்கோளும் 145-இல் கேட்டு 437-இல் பேசியதுதான்.

எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அதிர்வெண்ணை மட்டும் அனுப்பாது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களும் கொஞ்சம் கசியும். இவைதான் ஹார்மோனிக். 145.8-ஐ மூன்றால் பெருக்கினால் 437.4. 146.0-ஐப் பெருக்கினால் 438.0. இரண்டுமே நாம் காது கொடுக்கும் 435–438 வரம்புக்குள் விழுது!

அனைத்துலக விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டருக்கு நாம் அனுப்புவது 145.990. அது திருப்பி அனுப்புவது 437.800. நம் மூன்றாம் ஹார்மோனிக் 437.970. வித்தியாசம் வெறும் 0.17 மெகாஹெர்ட்ஸ்.

நோய் ஒன்றல்ல, இரண்டு

முதல் நோய், மேலே பார்த்த ஹார்மோனிக். இரண்டாவது, திணறல். 145-இல் நாம் அனுப்பும் பலமான சிக்னல் அப்படியே ரிசீவரின் முன்பகுதிக்குள் புகுந்து, அங்குள்ள ப்ரீஆம்பைத் திணறடிக்கும். காதருகில் ஒருவர் கத்தும்போது தூரத்தில் முணுமுணுப்பவர் பேச்சு கேட்காதே, அதுபோலத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 1 மில்லிவாட் என்பது 0 டிபிஎம். அப்படியென்றால் 5 வாட் என்பது 37 டிபிஎம். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் இடையே 30 டெசிபல் தடுப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரிசீவருக்குள் நுழையும் 145 சிக்னல் 7 டிபிஎம். ஹார்மோனிக் அசல் சிக்னலைவிட 60 டெசிபல் குறைவு என்று கொண்டால், அது மைனஸ் 53 டிபிஎம்.

துணைக்கோளின் சிக்னல் எவ்வளவு? 250 மில்லிவாட், அதாவது 24 டிபிஎம். 1,000 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 145 டெசிபல் இழக்கும். ஆன்டெனா 10 டெசிபல் கூட்டித் தரும். மிஞ்சுவது மைனஸ் 111 டிபிஎம்.

ஆக, ஹார்மோனிக் 58 டெசிபல் பலம் கூடியது; ஆறு லட்சம் மடங்குக்கு மேல். 145 சிக்னலோ 118 டெசிபல். அறுபதாயிரம் கோடி மடங்குக்கு மேல்!

எந்த ஃபில்டர், எங்கே?

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஹார்மோனிக் ரிசீவரை அடையும்போது, நாம் கேட்க விரும்பும் வரம்புக்குள்ளேயே இருக்கு. ரிசீவர் பக்கம் எந்த ஃபில்டரைப் போட்டாலும் நல்ல சிக்னலோடு சேர்ந்து அதுவும் உள்ளே வரும். அதைப் பிறக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். எனவே டிரான்ஸ்மிட்டர் கேபிளில் லோ-பாஸ் ஃபில்டர். அது 145-ஐ விடும், 435-ஐத் தடுக்கும். 60 டெசிபல் தடுத்தால் ஹார்மோனிக் மைனஸ் 113-க்கு இறங்கி, துணைக்கோளின் சிக்னலுக்குக் கீழே போய்விடும்.

திணறலுக்கு மருந்து வேறு. ரிசீவர் பக்கம் 435-ஐ விட்டு 145-ஐத் தடுக்கும் ஹை-பாஸ் அல்லது பேண்ட்-பாஸ் ஃபில்டர் வேண்டும். அதை ப்ரீஆம்புக்கு முன்னால் வைக்கணும். பின்னால் வைத்தால் ப்ரீஆம்ப் ஏற்கனவே திணறிப்போயிருக்கும். இதற்கு ஒரு விலை உண்டு: ஃபில்டர் 1 டெசிபல் இழந்தால் ரிசீவரின் இரைச்சல் அளவும் 1 டெசிபல் கூடும். இழப்பு குறைந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு பட்டைக்கும் ஒரே கேபிள் என்றால் டிப்ளெக்சர் போதும். அதனுள்ளே லோ-பாஸ், ஹை-பாஸ் இரண்டும் இருக்கு.

கண்டுபிடிக்கும் வழி

முதலில் சக்தியை 5 வாட்டிலிருந்து அரை வாட்டுக்கு இறக்குங்கள். கேட்கத் தொடங்கினால் அது டீசென்ஸ்தான். அடுத்து ரிசீவர் பக்க ஃபில்டரைப் போடுங்கள். தீர்ந்தால், அது திணறல். தீராவிட்டால் டிரான்ஸ்மிட்டர் பக்கம் லோ-பாஸ் போட்டுப் பாருங்கள். உரிமம் பெற்றவர் உடன் இல்லாமல் மாணவர்கள் பொத்தானைத் தொடக்கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. இந்தோனேசியாவின் ஐஓ-86 துணைக்கோள் நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுவதால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நம் பக்கம் வரும். அதற்கு அனுப்புவது 145.880, அதிலிருந்து கேட்பது 435.880. மூன்றாம் ஹார்மோனிக் எது? கேட்கும் அதிர்வெண்ணிலிருந்து எவ்வளவு தூரம்?
விடை: 437.640, 1.76 மெகாஹெர்ட்ஸ்.

2. ப்ரீஆம்புக்கு முன்னால் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டும் மூன்றாம் ஹார்மோனிக் தொல்லை தருகிறது. ஏன்?
விடை: ஹார்மோனிக் 435–438 வரம்புக்குள்ளேயே இருப்பதால் ஃபில்டர் அதையும் விட்டுவிடும். டிரான்ஸ்மிட்டர் பக்கம் லோ-பாஸ் தேவை.

3. 60 டெசிபல் தடுப்பு, சக்தியை எத்தனையில் ஒரு பங்காக்கும்?
விடை: பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

வகுப்பில் இதைச் சொல்லித் தரும்போது ஃபில்டரின் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லாதீங்க. "தொல்லை எங்கே பிறக்குது?" என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை கிடைத்தால், ஃபில்டரை எங்கே வைப்பது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.