சூரியன் வீசிய எலெக்ட்ரான்... 5 இடங்களில் காத்திருந்த விண்கலங்கள்!

1972 ஆகஸ்ட்டில் சூரியனிலிருந்து ஒரு பயங்கரமான துகள் புயல் கிளம்பியது. அப்போலோ 16 ஏப்ரலிலேயே திரும்பிடுச்சு, அப்போலோ 17 கிளம்பியது டிசம்பரில். நடுவில் நிலாவில் யாருமே இல்லை. செம லக்!

ஆனா எப்பவும் லக்கை நம்ப முடியாதே? அதுக்குத்தான் எலெக்ட்ரான். சூரியனில் வெடிப்பு நடந்தால், அதன் வெளிச்சம் பூமிக்கு வர 8 நிமிடங்கள் ஆகும். அதிவேக எலெக்ட்ரான்கள் அதுக்குச் சில நிமிடங்கள் பின்னாடியே வந்துடும். விண்வெளி வீரர்களுக்கு அதிக ஆபத்தான புரோட்டான்கள் இன்னும் லேட். அதனால, சோஹோ விண்கலத்தில் பதிவாகும் எலெக்ட்ரான்களை வைத்து, புரோட்டான் வருகையை ஒரு மணி நேரம் வரை முன்கூட்டியே கணிக்கும் முறை ஏற்கெனவே இருக்கு.

சிக்கல் என்னன்னா, எலெக்ட்ரான்கள் நேர்க்கோட்டில் வராது. சூரியனின் காந்தக்கோடுகளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வரும். சூரியன் சுத்திக்கிட்டே இருப்பதால் அந்தக் கோடுகள் தீபாவளி தரைச்சக்கரத்தின் பொறி மாதிரி வளைஞ்சிருக்கும். ஒரு விண்கலத்துக்குத் தெரிவது, அது நிற்கும் கோட்டில் வருவது மட்டும்தான். ஒரே கேமராவை வெச்சு ரன் அவுட் சொல்ற கதைதான்!

2021 ஏப்ரல் 17-ல் அந்தக் குறை தீர்ந்தது. அன்றைய வெடிப்பின் துகள்கள் சூரியனைச் சுற்றி 210 டிகிரி அகலத்தில், 5 இடங்களில் பதிவாகின. பார்க்கர், சோலார் ஆர்பிட்டர், ஸ்டீரியோ-ஏ, பூமிக்கு அருகே இருந்த விண்கலங்கள்... கூடவே, புதன் கிரகத்துக்குப் போய்க்கிட்டிருந்த பெபிகொலம்போ. போற வழியில் சாட்சி சொன்ன இந்த பெபிகொலம்போதான் என் ஃபேவரைட்.

ஒரே வெடிப்பு எப்படி இவ்வளவு அகலத்துக்குப் பரவும்? ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 5 பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டது. துகள்கள் ஒரே தடவையில் வரலை. வெவ்வேறு திசைகளில், வெவ்வேறு நேரங்களில் தவணை தவணையா வெளியேறியிருக்கு. அதைவிட முக்கியமான விஷயம், எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் பிறப்பிடமே வேற! புரோட்டான்களைப் பெரும்பாலும் முடுக்கியது வெடிப்பு கிளப்பிய அதிர்ச்சி அலை. எலெக்ட்ரான்களில் சூரியத் தீப்பிழம்பின் பங்கு அதிகம்.

ரெண்டும் ஒரே இடத்திலிருந்து வரலைன்னா, முன்னாடி வர்ற எலெக்ட்ரானை வெச்சு பின்னாடி வரும் புரோட்டானை எவ்வளவு தூரம் நம்பிக் கணிக்கலாம்? நிலாவுக்கு மறுபடியும் ஆட்களை அனுப்பும் இந்தக் காலத்தில், விடை தெரிஞ்சே ஆகணும்.