புலியும் புலிச்சோகியும்

சுவீடன் நாட்டு இயற்கை விஞ்ஞானி லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, காட்டுப் புலிக்கும் சோகி என்னும் கடல் நத்தை இனமொன்றுக்கும் 'டைகிரிஸ்' என்ற ஒரே சிறப்புப் பெயரைச் சூட்டினார். ஆயினும் புலியின் மேனியில் உள்ளவை வரிகள். புலிச்சோகியின் ஓட்டில் உள்ளவை புள்ளிகள். கோலத்தால் அது சிறுத்தைக்கே நெருங்கியது.

எனினும் ஒப்புமை முற்றிலும் பொய்யன்று. இரண்டும் பெரும்பாலும் இரவிலேயே இரை தேடுவன. இரண்டின் கோலமும் உடலோடு பிணைந்தது. புலியின் மயிரை மழித்தாலும் வரிகள் தோலில் தெரியும். சோகியோ தன் மெல்லிய சதைப்போர்வையை இருபுறமிருந்தும் ஓட்டின்மேல் விரிக்கிறது. அப்போர்வையே சுண்ணாம்பையும் நிறத்தையும் படலம் படலமாகப் படிவித்து மெருகூட்டுகிறது. உயிர் நீங்கிக் கடலடியில் உருளும் ஓடு மங்கிவிடும். ஆகவே, மெருகு குன்றாத ஓட்டை விரும்புவோர் சோகியை உயிருடனேயே எடுக்கின்றனர்.

அழகே இரண்டுக்கும் பகை. அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை புலித்தோல் வணிகத்தைத் தடுக்கிறது. அதன் பட்டியலில் புலிச்சோகிக்கு இடமில்லை. அலுமாரியில் மின்னும் ஓடு, பவளப்பாறையிடையே ஊர்ந்த ஓர் உயிரின் உடல் என்பதை வாங்குவோர் நினைத்தல் நன்று.