சேறு கண்ட வண்டிகள்

பேராக் தோட்டங்கள் என்றதும் பலருக்குச் செம்மண் பாதைதான் நினைவுக்கு வரும். ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் அது சரி. பெர்னாம் ஆற்றங்கரையில் இருக்கும் ஹுத்தான் மெலிந்தாங்கில் நிலம் வேறு. ஆறும் கடலும் கொண்டுவந்து படியவைத்த சாம்பல் நிறக் களிமண் இது. வெயிலில் வெடித்துக் கல்லாகக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் தொட்டதை விடாது.

இந்த மண்ணில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓடுமா நிற்குமா என்பதை எஞ்சினைவிட மட்கார்டுதான் தீர்மானித்தது. கப்சாய் என்ற சிறு மோட்டார் சைக்கிளின் முன் மட்கார்டு டயரை ஒட்டி வளைந்திருக்கும். இடைவெளியில் களி அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது. இறங்கி, குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு அடுத்த கான் (வடிகால்) வரை போகலாம். அங்கே மறுபடி இறங்க வேண்டும். தார்ச்சாலைக்கும் சேற்றுக்கும் சேர்த்துச் செய்த ஸ்க்ராம்ப்ளருக்கு மட்கார்டு டயரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கும். முன் சக்கரம் பெரும்பாலும் 21 அங்குலம், பின் சக்கரம் 18. எக்சாஸ் குழாய் சீட்டுக்குப் பக்கவாட்டில் மேலேறிப் போகும், கான் தண்ணீர் அதை எட்டாது.

தார்ச்சாலையிலும் காட்டுப் பாதையிலும் ஓடும் வண்டி என்ற எண்ணத்தை உலகச் சந்தைக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தது யமாஹா 1968-இல் வெளியிட்ட 250 சிசி டிடி-1. அதன் தம்பிகளாக 100, 125 சிசி வண்டிகளும், கூடவே ஹோண்டாவின் எக்ஸ்எல், சுசுகியின் டிஎஸ் வரிசைகளும் 1970களில் வந்தன. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் அவற்றில் ஏறியவர்கள் சின்னத்துரைமாரும் தோட்டக் கண்டக்டர்களும். பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) சைக்கிளில் போனவர்களின் பிள்ளைகளுக்கு அதே வண்டி மூன்றாம் கை, நான்காம் கையாக வந்து சேர்ந்தது. வரும்போதே அதற்கு வைத்தியம் தேவைப்பட்டது.

அந்த வைத்தியத்துக்கு வேண்டியவை நாலு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், சாமான்களைப் பெட்ரோலில் ஊறவைக்க ஒரு மைலோ டின். காப்ரேட்டரைத் திறந்து ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். ஊசிமுனை ஓட்டையில் வெளிச்சம் தெரிந்தால் சரி. பொறி விழவைக்கும் பாயிண்டின் இடைவெளி 0.35 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும் என்று கம்பெனிப் புத்தகம் சொல்லும். ஃபீலர் கேஜ் இல்லாத வீட்டில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாள் போதும். பாயிண்டுக்கு நடுவே தாளை வைத்து மேக்னெட்டை மெதுவாகத் திருப்ப வேண்டும். பிடிபட்டிருந்த தாள் எந்த நொடியில் நழுவி வருகிறதோ அந்த நொடியில்தான் பிளக்கில் பொறி விழும். கேஸ்கெட் கிழிந்தால் கெட்டி அட்டையை எஞ்சின் விளிம்பின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டுவார்கள். விளிம்பே அட்டையை வெட்டிக் கொடுத்துவிடும்.

நோய் கண்டறிய இருந்த ஒரே கருவி பிளக். கழற்றிப் பார்த்தால் அதன் மூக்கு பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம். வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம்தான். எண்ணெயைத் தானே அளந்து டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அனுப்பும் ஆட்டோலூப் பம்பை ஜப்பான்காரர்கள் அருமையாகச் செய்திருந்தார்கள். ஆனாலும் நம்மவர்கள் பலர் அதை நம்பவில்லை. பம்பை அடைத்துவிட்டு, 20 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு 2டி எண்ணெயைத் தாங்களே கலந்து ஊற்றினார்கள். அதனால்தான் அந்த வண்டிகள் அவ்வளவு புகைந்தன. கம்பெனியை மட்டும் குறை சொல்ல முடியாது.

பிஸ்டன் ஜாமானால் சிலிண்டரைக் கழற்றித் தெலுக் இந்தானுக்கோ ஈப்போவுக்கோ கொண்டுபோய் போர் அடித்துவர வேண்டும். யமாஹா 125-இன் சிலிண்டர் 56 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் போடுவார்கள். நாலு முறைக்குப் பிறகு ஸ்லீவ் மாற்றியாக வேண்டும். ஒரு வண்டி எத்தனை போர் கண்டது என்று கேட்டாலே அதன் வாழ்க்கை வரலாறு வந்துவிடும்.

விளக்கை மட்டும் எந்த வைத்தியமும் சரி செய்ததில்லை. 6 வோல்ட் மின்சாரம் மேக்னெட்டிலிருந்து நேரே விளக்குக்குப் போகும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம், மெதுவானால் மங்கல். இருட்டில் பலகைப் பாலத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். வெளிச்சம் தேவைப்படும் அந்த இடத்தில்தான் அது இருக்காது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கி, பாலத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு ஏறுவார்கள். தலைக்கவசம் 1973-இலேயே சட்டமாகிவிட்டது. தோட்டத்துக்குள் அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் வந்தது என்பது வேறு கதை.

இன்றைய ஸ்க்ராம்ப்ளரில் 12 வோல்ட், பலவற்றில் எல்இடி விளக்கு, இரு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். காப்ரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த வண்டியில் பாயிண்டும் இல்லை, ஜெட்டும் இல்லை. காலையில் பொத்தானை அழுத்தினால் எழுந்துகொள்கிறது. கோளாறு வந்தால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மினுங்கும். ஹோண்டாவில் நீண்ட மினுக்கம் பத்து, குறுகிய மினுக்கம் ஒன்று என்று எண்ணி, அந்த எண்ணுக்கு எந்தச் சென்சார் என்று அட்டவணையில் பார்க்க வேண்டும். சென்சாரைப் பழுதுபார்ப்பது கிடையாது, மாற்றுவதுதான். பிளக்கின் நிறம் பார்க்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலை குறைவு. ஆனால் அவருடைய மகன் இருட்டில் பாலத்தைப் பார்த்து ஏறுகிறான். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், பாலம்தான்.

இதற்கிடையே ஊரும் மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களிலிருந்து சனங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்; தோட்டத்தில் குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஹுத்தான் மெலிந்தாங் 2017-இல் உருவான பாகான் டத்தோ மாவட்டத்தில் சேர்ந்தது. 2019-இல் மேற்குக் கரை நெடுஞ்சாலையில் இங்கிருந்து தெலுக் இந்தான்வரையிலான பகுதி திறக்கப்பட்டது. ஸ்க்ராம்ப்ளரில் பாதி தார்ச்சாலைக்கு, பாதி சேற்றுக்கு. சேற்றுப் பாதிக்கு வேலை போய்விட்டது. பழைய வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு சேறு தேடிப் போகிறார்கள். அவர்களின் தாத்தாக்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பழைய வண்டிகள் இன்றுபோல என்றும் கவனிக்கப்பட்டதில்லை. அன்று பழுதுபார்த்தது நாளைக் காலைப் பிரட்டுக்கு ஓட வேண்டும் என்பதற்காக. வேறு வண்டியின் காப்ரேட்டர் பொருந்தினால் போட்டார்கள், சீட் கிழிந்தால் டியூப் ரப்பரை வைத்துத் தைத்தார்கள், போல்ட் தொலைந்தால் ஆணியை வளைத்தார்கள். எஞ்சினையே மாற்றிப் போட்டுக்கொண்டு யாரும் தூக்கம் கெடவில்லை. இன்று பழுதுபார்ப்பது, வண்டி ஜப்பானிலிருந்து இறங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக வேண்டும் என்பதற்காக. டேங்க் ஸ்டிக்கரில் வருஷம் பிசகக்கூடாது. சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் கிராண்ட் எனும் பதிவுச் சான்றிதழில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் விலை ஒன்று, இல்லையென்றால் வேறொன்று. தாத்தா அடித்த ஆணியைப் பேரன் பிடுங்கிவிட்டு, கைப்பேசியில் தேடித் தாய்லாந்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ அசல் போல்ட் வரவழைக்கிறான். பட்டறையில் தவுக்கே (முதலாளி) சிரிக்கிறார். அந்த ஆணியை அடித்துக் கொடுத்தது அவருடைய அப்பாவாகக்கூட இருக்கலாம்.

வேலை செய்யும் வண்டிக்கும் வேலையில்லாத வண்டிக்கும் நோய்கள் வேறு. அன்று செயின் தேய்ந்தது, ஸ்போக் உடைந்தது, பிரேக் டிரம்முக்குள் சேற்றுத் தண்ணீர் போனது. எல்லாம் ஓட்டத்தால் வந்தவை. இன்று காப்ரேட்டர் கிண்ணத்தில் நின்றுபோன பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கிறது. கிராங்க்கின் இரு பக்கமும் உள்ள ரப்பர் சீல்கள் எண்ணெய் படாமல் இறுகி வெடிக்கின்றன. சீல் போனால் உள்ளே காற்று புகும், கலவை வெளுக்கும், பிஸ்டன் மறுபடி ஜாமாகும். இதைத் தெரிந்தவர்கள் வண்டியை ஷெட்டில் ஏற்றும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறார்கள். மழைக்காலத்திலும் மாதம் ஓரிரு முறை வெளியே எடுத்து, பக்கத்துச் செம்பனைப் பாதையில் எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வருகிறார்கள். திரும்பி வந்ததும் மட்கார்டைக் கழுவுவதுதான் அவர்களுக்கு முதல் வேலை.