வீடு, சிறை, பார்சல் ஆபீஸ்

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்றொரு சந்தை ஊர். அதன் சந்தைத் திடலை ஒட்டி நிற்கிறது மொய்சஸ் ஹால். கட்டியது 1180 வாக்கில். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மரச்சட்டம் நிறுத்திக் களிமண் பூசிக் குடியிருந்த காலம் அது. அந்த மாதிரி வீடுகளுக்கு எமன் நெருப்புதான். 1608இல் ஊரின் பல வீடுகள் எரிந்துபோயின.

எல்லாரும் கல்லிலேயே கட்டியிருக்கலாமே? சஃபோக்கில் அது லேசில்லை. செதுக்கத் தோதான கல் அந்த மண்ணில் கிடையாது. கிடைப்பது சீமைச்சுண்ணாம்புப் பாறைக்குள் முண்டுமுண்டாக விளையும் சிக்கிமுக்கிக் கல். எஃகையே கீறும் அளவுக்கு உறுதி. ஆனால் உளி வைத்தால் சில்லாகத் தெறிக்கும், லேசில் சதுரத்துக்கு அடங்காது. அதனால் கொத்தர்கள் முண்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துச் சுவர் எழுப்பினார்கள். மூலைகளுக்கும் ஜன்னல் விளிம்புகளுக்கும் மட்டும் வெளியூர்ச் சுண்ணாம்புக்கல். சாந்து காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்லத்தான் இறுகும். அவசரப்பட்டு உயர்த்தினால் சுவர் பிதுங்கிவிடும்.

இவ்வளவு செலவு பணக்காரருக்கே கட்டும். யூத வியாபாரி ஒருவரின் வீடு என்று வெகுநாளாகச் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் பலர் ஒப்புவதில்லை. 1190இல் இந்த ஊரில் 57 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்களை மடாதிபதி சாம்சன் அதே ஆண்டு வெளியேற்றினார். வீட்டைப் பற்றிய கதைக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும், இந்தக் கொலைகளும் வெளியேற்றமும் ஆவணப்பட்ட உண்மை.

வீட்டின் அமைப்பில் வியாபாரியின் புத்தி தெரிகிறது. கீழே, குட்டைத் தூண்கள் தாங்கும் கல் வளைகூரையின் அடியில் கிட்டங்கி, மேலே குடும்பம். மாடி பற்றி எரிந்தாலும் சரக்குக்குச் சேதமில்லை. வெளிச்சத்துக்கான பெரிய ஜன்னல்களும் மாடியில்தான், அரைவட்ட வளைவுகளுக்குக் கீழே இரண்டிரண்டாக.

திருடனை உள்ளே விடாத சுவர், திருடனை வெளியே விடாமலும் இருக்கும் அல்லவா? பின்னாளில் வீடு சிறையானது. மதுக்கடை, ஏழைகள் வேலைக்கூடம், போலீஸ் ஸ்டேஷன், ரயில்வே பார்சல் ஆபீஸ் என்று இன்னும் பல வேஷங்கள். பூட்டிவைக்க ஏதாவது இருந்தால் ஊருக்கு இந்த வீடுதான் நினைவுக்கு வந்திருக்கும் போல! நடுவில் 1858இல் கட்டடக்கலைஞர் கில்பர்ட் ஸ்காட் கிழக்குச் சுவரைத் திருப்பிக் கட்டினார்.

1899 முதல் மியூசியம். இப்போது பூட்டிக் காக்கும் பொருள்களில் ஒன்று கொஞ்சம் குடலைப் புரட்டும். காதலியைக் கொன்றதற்காக 1828இல் இதே ஊரில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் கார்டரின் வழக்கு விவரப் புத்தகம் அது. அதன் அட்டை அவன் தோலால் ஆனது.