கோண்டுவானா: ஒரு கண்டத்துக்கு யாரோட பேரு?

போன மாசம் எங்க ஊர் போடிநாயக்கனூருக்குப் போயிருந்தேன். போடிமெட்டு ஏறுற 17 கொண்டை ஊசி வளைவுகள்ல ஒண்ணுல வண்டியை ஓரங்கட்டினோம். மேலே போனா ஏலக்காய்த் தோட்டம்; பக்கத்துல மலையை வெட்டின கரும்பாறை. "இந்த மலைக்கு ஒரு காலத்துல பக்கத்து வீடு மடகாஸ்கர். எல்லாம் கோண்டுவானா"ன்னு கெத்தா சொன்னேன். சித்தி பொண்ணு கேட்டா: "சரிண்ணா, கோண்டுவானான்னா என்ன அர்த்தம்?" முழிச்சேன். அதான் இந்த எபிசோட்.

அர்த்தம் ரொம்ப எளிது: கோண்டு மக்களோட வனம். கோண்டுகள் மத்திய இந்தியாவில் வாழும் பழங்குடிகள். அங்கே இருக்கிற நிலக்கரிப் படிவுப் பாறைகளுக்கு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மெட்லிகாட் 1872-ல் இந்தப் பேரை வைத்தார். அந்தப் பாறைகள்ல கிடைச்ச குளோசாப்டெரிஸ் என்ற தாவரத்தோட புதைபடிவம் ஆப்பிரிக்காவிலும் கிடைச்சது. அப்போ இதெல்லாம் ஒரே நிலமா இருந்திருக்கணும் இல்லையா? 1885-ல் ஆஸ்திரிய நிலவியலாளர் எட்வர்ட் சூயஸ் அந்தப் பெருநிலத்துக்கு 'கோண்டுவானாலாந்து'ன்னு பேர் வைத்தார். வனத்துக்குப் பின்னாடி இன்னொரு 'லாந்து'. நம்ம 'நடு சென்டர்' மாதிரி!

மக்களோட பேரைப் பாறைக்கு வைக்கிறது புதுசு இல்லை. சிலூரியன், ஓர்டோவிசியன் காலங்களுக்கு வேல்ஸ் பகுதியோட பழைய குடிகளின் பேர். வட அமெரிக்காவின் அல்காங்குவின் மக்கள் பேர்ல 'அல்காங்கியன்'னு ஒரு காலம் இருந்தது. இப்போ அதை புரோட்டெரோசோயிக்னுதான் சொல்றாங்க.

நம்ம போடி மலைப் பாறை அந்த நிலக்கரிப் படிவுகளை விட ரொம்பப் பழசு. சுமார் 55 கோடி வருஷம் முன்னாடி, கோண்டுவானா ஒண்ணு சேர்ந்தப்போ, பூமிக்கு அடியில கடுமையா வெந்த பாறை.

என்னை உலுக்கினது வேற விஷயம். கோண்டுகள் தங்களைச் சொல்லிக்கிறது 'கோயித்தூர்'னு. 'கோண்டு' மத்தவங்க வெச்ச பேர். அவங்க பேசுற கோண்டி, தமிழைப் போலவே திராவிட மொழி. எண்ணிப் பாருங்க: ரண்ட், மூண்ட், நாலுங். நமக்குச் சொந்தக்காரங்கதானே!

2011 கணக்கெடுப்புப்படி கோண்டி பேசுறவங்க ஏறக்குறைய 30 லட்சம் பேர். ஆனா அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் கோண்டிக்கு இடமில்லை. ஒரு கண்டத்துக்கே பேர் கொடுத்தவங்க மொழிக்கு, அந்தப் பட்டியல்ல ஒரு வரி இல்லை.

அடுத்த தடவை வகுப்புல கோண்டுவானான்னு கேட்டா, பாறையோட நிக்காதீங்க. அந்த மக்களையும் நினைச்சுக்கோங்க. சித்தி பொண்ணுக்கு நன்றி!