டிஷ்சை திருப்பாதீங்க... முதல்ல கேபிள் பின்னை பாருங்க!

சென்னை: சீரியல் சூடாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென படம் கட்டம் கட்டமாக உடையும். அடுத்த நொடி ‘சிக்னல் இல்லை’ என்று வரும். உடனே ஒருவர் மாடிக்கு ஓடி டிஷ்சை திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் ‘வந்துருச்சு... போச்சு’ என்று கத்துவார். பல வீடுகளில் நடக்கும் கூத்து இது. சின்ன கோளாறு பெரிய செலவாவதும் இங்கேதான்.

சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளை குறிபார்த்து நிற்கிறது டிஷ். ஓரிரு டிகிரி விலகினாலே படம் காலி. கண்ணால் பார்த்து திருப்பி பிடிப்பது லேசான காரியம் இல்லை.

கொட்டும் மழையில் படம் போனால் டிஷ் மீது தப்பே இல்லை. மழைத்துளிகள் அலையை உறிஞ்சி விடுகின்றன. மழை குறைந்தால் தானாக வரும். மார்ச் மாதத்திலும், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வரும். அப்போது சில நாட்கள் பகலில் சில நிமிடம் படம் தடுமாறலாம்.

வெயில் அடித்தும் படம் வரலையா? ரிமோட்டில் மெனுவுக்கு போய் சிக்னல் பக்கத்தை பாருங்கள். ஸ்டிரெங்த், குவாலிட்டி என்று 2 கோடுகள் இருக்கும். ஸ்டிரெங்த் இருந்து குவாலிட்டி மட்டும் பூஜ்யம் என்றால், பெரும்பாலும் டிஷ் நகர்ந்திருக்கும் அல்லது மரம் மறைத்திருக்கும். இரண்டுமே விழுந்திருந்தால் சந்தேகம் கேபிள் மீதுதான்.

பாக்சின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கேபிள் நுனியில் உள்ள பின்னை கழற்றி பாருங்கள். நடு செம்புக்கம்பி பச்சை பூத்திருக்கும். இல்லை, சுற்றியுள்ள வலைக்கம்பியில் ஒரு இழை அதை தொட்டுக்கொண்டிருக்கும். நுனியை வெட்டி புது பின் போட்டாலே பாதி வீடுகளில் வேலை முடிந்தது!

சில சேனல் வருது, சில சேனல் வரலை என்பதும் வழக்கமான புகார். டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்கு பாக்சில் இருந்து கேபிள் வழியாக 13, 18 என்று இருவகை வோல்ட் போகிறது. ஒன்று சரியாக போகாவிட்டால் அந்த பக்கத்து சேனல்கள் மட்டும் மறையும்.

மரம் விஷயத்தில் ஒன்று. டிஷ் எதிர்வீட்டு சுவரை பார்ப்பது போல தெரியும். உண்மையில் அது பார்ப்பது அதைவிட ரொம்ப மேலே. அதனால் உயரத்தில் தொங்கும் தென்னை மட்டையும் வில்லன்தான்.

வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் படம் போவது உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சக்தி கோளாறு ஏற்பட்டு பாதி டிரான்ஸ்பாண்டர்கள் நிறுத்தப்பட்டன. சன் டைரக்ட் சேனல்கள் பாதிக்கப்பட்டு, வேறு செயற்கைக்கோளுக்கு மாறின. எனவே பக்கத்து வீட்டிலும் படம் போச்சா என்று ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஈர ஓடு, பக்கத்தில் கரண்டு கம்பி என்றால் மேலே ஏறவே வேண்டாம். மெக்கானிக்கை கூப்பிடுங்கள். அவர் வந்ததும் குவாலிட்டி எவ்வளவு, வேலை முடிந்ததும் எவ்வளவு என்று டி.வி.யிலேயே பார்த்துவிட்டு காசை எடுங்கள்.